இரத்தத்தின் மேல் பழி போடாதே!

ஒரே பட்டறையில், ஒரே மேசையில் வேலை செய்யும் இருவருக்கு ஒரே வாரத்தில் காய்ச்சல் வருகிறது. ஒருவர் பத்தாம் நாள் எழுந்து வேலைக்கு வந்துவிடுகிறார். மற்றவர் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார், வீடு திரும்பவில்லை. 2020-இலும் 2021-இலும் கொரோனா நாட்டை உலுக்கியபோது இப்படி ஒரு சாவைக் கேள்விப்படாத தொழிலாளர் குடியிருப்பு உண்டா?

ஏன் அவர் பிழைத்தார்? ஏன் இவர் செத்தார்?

இந்தக் கேள்விக்கு நாட்டில் பழைய பதில் ஒன்று உண்டு. “தலையெழுத்து” என்பார்கள். இப்போது புதிய பதில் ஒன்று வந்திருக்கிறது. “எல்லாம் ஜீன், பரம்பரை இரத்தம்” என்கிறார்கள். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து தலையெழுத்து பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து மரபணு பேசுகிறார்கள். சொல் மாறியிருக்கிறது, அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் வேலை மாறவில்லை. செத்தவன் தலையிலேயே பழியைப் போட்டுக் கணக்கை மூடிவிடுவதே அந்த வேலை!

விருத்தாசலத்தில் களிமண் பிசைந்து, அச்சு வார்த்து, சூளை அடுக்கும் பீங்கான் தொழிலாளியும், சுற்று வட்டாரத்தில் முந்திரித் தோப்பிலும் நெல் வயலிலும் கரும்புக் கொல்லையிலும் பாடுபடும் விவசாயத் தொழிலாளியும் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது அவசியம். இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விவகாரம் மட்டுமல்ல. வேலை யாருக்கு, விடுப்பு யாருக்கு, நஷ்டஈடு யாருக்கு என்ற விவகாரம் இது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பரம்பரைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் வாதாடவில்லை. சம்பந்தம் உண்டு. விஞ்ஞானத்தை மறுத்து எந்தத் தொழிலாளிக்கும் ஒரு காசு லாபமில்லை. விஞ்ஞானத்தின் பெயரால் யாராவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால், அதைத் தோண்டி எடுத்துக் காட்டுவதே நம் வேலை.

மனித உடலின் செல்களுக்குள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. அதில் சுமார் 300 கோடி எழுத்துக்கள். ஏறத்தாழ 20,000 ஜீன்கள். உலகத்தில் எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து என்ற அளவில்தான் வித்தியாசம். ஆலை முதலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும், பண்ணையாருக்கும் பண்ணை ஆளுக்கும் ஆயிரத்தில் 999 எழுத்துக்கள் ஒன்றேதான். மிச்சமிருக்கும் அந்த ஓர் எழுத்தில்தான் நிறம், உயரம், உடல்வாகு எல்லாம் வேறுபடுகின்றன. சில நோய்களை உடல் தாங்கும் சக்தியும் அதில் ஓரளவு வேறுபடுகிறது.

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்ததும் அந்தச் செல் அபாயச் சங்கு ஊதுகிறது. “உள்ளே திருடன் புகுந்துவிட்டான், விழித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்துச் செல்களுக்கெல்லாம் செய்தி போகிறது. அந்தச் சங்கின் பெயர் இன்டர்ஃபெரான். சிலருக்குப் பிறவியிலேயே இந்தச் சங்கு சரியாக ஊதாது. 2020-இல் ழான்-லோரான் கசனோவா என்ற விஞ்ஞானியின் தலைமையில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள், கொரோனாவால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 659 பேரின் ஜீன்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 23 பேருக்கு, அதாவது நூற்றுக்குச் சுமார் 3.5 பேருக்கு, இந்தச் சங்கு சம்பந்தப்பட்ட ஜீன்களில் பழுது இருந்தது. இன்னொரு ஆய்வில், கடுமையாகப் பாதிக்கப்பட்ட 987 பேரில் 101 பேருக்குச் சொந்த உடலின் எதிர்ப்பொருளே சங்கின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் கடுமையாக நோயுற்றார்கள். ஒருவர் இறந்துபோனார். வைரஸை அடையாளம் காணும் காவல்காரன் போன்ற ஒரு ஜீன் அந்த நால்வருக்கும் பழுதாகியிருந்தது. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். ஒன்று கெட்டால் மாற்று இல்லை. ஆக, ஒரே நோய் ஒருவரை விட்டு ஒருவரைக் கொல்வதற்கு ஜீனும் ஒரு காரணம் என்பது மெய்.

பாதி ஜனங்கள் “கெட்ட இரத்தமா”?

இனிமேல்தான் கவனம் வேண்டும்.

2020-இல் ஹ்யூகோ செபர்க், ஸ்வாந்தே பேபோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். பேபோ 2022-இல் நோபல் பரிசு பெற்றவர். மூன்றாம் குரோமோசோமில் உள்ள ஒரு டி.என்.ஏ. துணுக்கு கொரோனாவைக் கடுமையாக்கும் அபாயத்தோடு சேர்ந்து காணப்படுகிறது. அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரிடமிருந்து ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோருக்கு வந்த சொத்து அது என்றார்கள். ஐரோப்பாவில் நூற்றுக்குச் சுமார் 16 பேரிடம் அது இருக்கிறது. தெற்கு ஆசியாவில் பாதிப் பேரிடம் இருக்கிறது. 2021-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள், அந்தத் துணுக்கிற்குள் நுரையீரல் செல்களைப் பாதிக்கும் ஜீன் எது என்று அடையாளம் கண்டார்கள். மூச்சு செயலிழக்கும் அபாயத்தை அது சுமார் இரட்டிப்பாக்குகிறது என்றார்கள்.

உடனே கிளம்பிவிட்டது கூச்சல். “பார்த்தீர்களா, இந்தியன் செத்ததற்குக் காரணம் இந்தியனின் ஜீனே!”

வேடிக்கையைக் கேளுங்கள். 2020-இல் நோய் பரவத் தொடங்கிய காலத்தில் இதே வகையறாக்கள் என்ன சொன்னார்கள்? “இந்தியருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி அதிகம், நம்மை ஒன்றும் செய்யாது” என்றார்கள். 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் சுடுகாடுகளில் இடமில்லாமல் பிணங்கள் வரிசையில் காத்திருந்தன. அதற்குப் பிறகு அதே இரத்தம் பலவீன இரத்தமாகிவிட்டது! ஓராண்டில் மாறியது இரத்தமா, இவர்களின் நாக்கா?

அந்தத் துணுக்கைப் பற்றி நம் நாட்டு விஞ்ஞானிகளே ஆராய்ந்திருக்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ், காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஞானேஸ்வர் சௌபே ஆகியோரின் குழு 2021-இல் தன் முடிவை வெளியிட்டது. ஐரோப்பியரிடம் நோயின் கடுமையோடு சேர்ந்து காணப்பட்ட அந்தத் துணுக்கு, தெற்காசிய மக்களிடையே தொற்று விகிதத்தோடும் மரண விகிதத்தோடும் ஒத்துப்போகவில்லை என்பதே அந்த முடிவு. ஆக, ஐரோப்பியனின் இரத்தத்தில் கண்ட கணக்கை அப்படியே கொண்டுவந்து இந்தியத் தொழிலாளியின் நெற்றியில் ஒட்ட முடியாது.

இன்னும் ஒன்று. அதே மூன்றாம் குரோமோசோம் துணுக்கு உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் சுமார் 27 சதவிகிதம் குறைவு என்று அதே செபர்க் 2022-இல் வெளியிட்டார். பன்னிரண்டாம் குரோமோசோமில் நியாண்டர்தால் மனிதர் விட்டுப்போன வேறொரு துணுக்கு, கொரோனாவின் கடுமையைக் குறைக்கிறது. ஒரே பாட்டன் சொத்தில் ஒரு கை கெடுக்கிறது, மறு கை காக்கிறது! ஒரு நோய்க்குக் “கெட்ட” இரத்தம் இன்னொரு நோய்க்கு “நல்ல” இரத்தம். அப்படியிருக்க, மனிதரை நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று இரண்டு பட்டியாகப் பிரிக்க யாருக்கு அதிகாரம்?

விதையும் வாய்க்காலும்

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஒரே மூட்டை விதைநெல்லைத் தலைமடை வயலிலும் விதையுங்கள், கடைமடை வயலிலும் விதையுங்கள். ஒரே வயலுக்குள் ஒரு நாற்று வறட்சியைத் தாங்கும், ஒன்று தாங்காது. அது விதையின் குணம், உண்மைதான். ஆனால் தலைமடை பச்சையாக நிற்க, கடைமடை முழுவதும் கருகிக் கிடந்தால் விதையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போமா? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைப் பார்க்க அல்லவா போவோம்?

“ஜீன் அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது” என்றால் என்ன அர்த்தம்? எதை இரட்டிப்பாக்குகிறது என்று கேட்க வேண்டும். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இடத்தில் ஆயிரத்துக்கு ஒருவர் சாகிறார். இரட்டித்தால் இருவர். இன்னோர் இடத்தில் ஆயிரத்துக்கு ஐம்பது பேர் சாகிறார்கள். இரட்டித்தால் நூறு பேர். ஜீன் அதே ஜீன்தான். ஒன்று ஐம்பதாக ஆனது எதனால்? தூசி தின்ற நுரையீரலால், ஒட்டிய வயிற்றால், ஒரே அறையில் ஆறு பேர் படுப்பதால், காய்ச்சலோடும் வேலைக்குப் போக வேண்டியிருப்பதால். ஜீன் பெருக்கும் எண். பெருக்கப்படும் எண்ணை எழுதுவது சமுதாயம்.

இதற்குச் சரித்திரச் சாட்சியும் உண்டு. 1918-இல் இன்ஃப்ளூயன்சா விஷக்காய்ச்சல் உலகைச் சூறையாடியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆண்டு பம்பாய் நகரத்தின் மரணக் கணக்கு வகை வகையாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரம் பேருக்கு இன்ஃப்ளூயன்சாவால் இறந்தவர்கள்: ஐரோப்பியரில் 8.3, பார்சிகளில் 9, மற்ற சாதி இந்துக்களில் 18.9, “கீழ்ச்சாதி” என்று வெள்ளைக்கார அரசு குறித்துவைத்த இந்துக்களில் 61.6!

சேரியில் வாழ்ந்தவனும் மாடியில் வாழ்ந்தவனும் அதே மண்ணின் மக்கள். அதே காற்றில் வந்த அதே கிருமி. ஒருவனுக்கு 18.9, இன்னொருவனுக்கு 61.6. மூன்று மடங்குக்கு மேல்! இதை இரத்தம் செய்ததா? குடிசை செய்தது, கூலி செய்தது, தீண்டாமை செய்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2020 மே முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் மூட்டை தூக்கிய கூலித் தொழிலாளிகள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களில் நோய்க் கணக்கு சில நாட்களில் மளமளவென்று ஏறியது. நோய் வந்த வழி எது? பிழைப்புத் தேடிப் போன வழி. நெரிசலில் நின்று மூட்டை தூக்காமல் சோறு கிடைக்காது என்ற நிலைமையே கிருமிக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. எந்த ஜீனும் அவர்களைக் கோயம்பேட்டுக்கு அனுப்பவில்லை.

ஹால்டேன் சொன்னதும் நாம் சொல்வதும்

பீங்கான் தொழிலாளித் தோழர்களே, இப்போது சொல்லப் போவது நேராக உங்கள் தொழிலைப் பற்றியது.

ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற பெயர் உலகம் அறிந்தது. மரபணு விஞ்ஞானத்தின் பிதாக்களில் ஒருவர். லண்டனில் வெளிவந்த “டெய்லி ஒர்க்கர்” என்ற கம்யூனிஸ்ட் பத்திரிகையில் தொழிலாளிக்குப் புரியும் பாஷையில் விஞ்ஞானம் எழுதியவர். இனவெறியர்களின் போலி விஞ்ஞானத்தைக் கிழித்தெறிந்தவர். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே உழைத்து, 1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரத்தில் காலமானவர். நாம் மதிக்கும் மனிதர்.

அவர் 1938-இல் “பரம்பரையும் அரசியலும்” என்ற நூலில் இங்கிலாந்தின் பீங்கான் தொழிலாளிகளைப் பற்றி ஒரு யோசனை எழுதினார். மார்ச்சளி நோயால் பீங்கான் தொழிலாளர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு சாகிறார்கள். ஆனாலும் எல்லாப் பீங்கான் தொழிலாளிகளும் அந்த நோயால் சாகவில்லை. ஆகவே சிலருக்கு அந்த நோய் எளிதில் வரும் உடல்வாகு பிறவியிலேயே இருக்கலாம். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்துத் தொழிலில் சேராமல் தடுத்தால் நோயே ஒழிந்துவிடும் என்பது அவர் யோசனையின் சாரம்.

நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான். அதை நாம் ஏற்கவில்லை. பெரியவர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டுவது விஞ்ஞானமும் அல்ல, தொழிலாளி இயக்கமும் அல்ல.

ஏன் ஏற்கவில்லை? தூசியை ஆலையில் அப்படியே விட்டுவிட்டு ஆளை வெளியே அனுப்பச் சொல்கிறது இந்த யோசனை. இன்று “பலவீன” ஜீன் உள்ளவன் வெளியே போவான். நாளைக்குத் தூசி இரண்டு மடங்கானால், இன்றைக்குப் “பலசாலி” என்று உள்ளே எடுத்தவனும் பலவீனன் ஆகிவிடுவான். அவனையும் வெளியே தள்ளு! ஆலை மாறாது; ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். தெற்கு ஆசியாவில் பாதிப் பேரிடம் ஓர் அபாயத் துணுக்கு இருக்கிறது என்று மேலே பார்த்தோம். பாதித் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்புவதா? அனுப்பினால் அவர்கள் எங்கே போவார்கள்? இதைவிடக் கூலி குறைந்த, தூசி மிகுந்த இன்னொரு வேலைக்குத்தானே?

ஹால்டேனின் தந்தை ஜே. எஸ். ஹால்டேனும் பெரிய விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் தாமே இறங்கி, விஷக்காற்றைச் சோதித்து, சுரங்கக் காற்றைச் சுத்தமாக்க வழி சொன்னவர். முதல் உலக யுத்தத்தில் விஷவாயுவால் மூச்சுத் திணறிய சிப்பாய்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் கருவியை அமைத்து, 1917-இல் அந்தச் சிகிச்சை முறையை எழுதி வெளியிட்டவர். மகன் அந்த ஓர் இடத்தில் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். தந்தை காற்றைத் திருத்தச் சொன்னார். இந்த வழக்கில் நாம் தந்தையின் பக்கம்.

சரித்திரமும் தந்தையின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. இங்கிலாந்தில் 1947-இலும் 1950-இலும் பீங்கான் ஆலைகளுக்கென்று தனி விதிகள் பிறந்தன. சூளையில் பீங்கானை அடுக்கும்போது தூவிவந்த சிக்கிமுக்கிக் கல் தூளைத் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாக அலுமினா வந்தது. தூசியை உறிஞ்சும் ஏற்பாடும் துப்புரவு விதியும் வந்தன. மாற்றியது பொருளை, காற்றை. யாருடைய ஜீனையும் அல்ல!

அமெரிக்க ரயில்வே கம்பெனியின் சூழ்ச்சி

“அதெல்லாம் பழைய கதை, இன்று யார் தொழிலாளியின் ஜீனைச் சோதிக்கப் போகிறார்கள்?” என்று கேட்கிறீர்களா? சோதித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே என்ற பெரிய ரயில்வே கம்பெனி. தண்டவாள வேலையால் மணிக்கட்டு நரம்பு கெட்டுப்போன தொழிலாளிகள் நஷ்டஈடு கேட்டார்கள். கம்பெனி டாக்டர்கள் அவர்களின் இரத்தத்தை எடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. நரம்புக் கோளாறுக்கான பரம்பரை ஜீன் இருக்கிறதா என்று ரகசியமாகச் சோதித்தார்கள். இருந்தால், “கோளாறு எங்கள் வேலையால் வந்ததல்ல, உன் அப்பன் பாட்டனிடமிருந்து வந்தது” என்று கைகழுவிவிடலாம் அல்லவா? 2001-இல் விஷயம் அம்பலமாகி வழக்குக்குப் போனது. 2002-இல் 36 தொழிலாளிகளுக்காக 22 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி சமாதானம் செய்துகொண்டது. தொழிலாளியின் ஜீனைக் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் 2008-இல் அங்கே வந்தது.

நம் நாட்டில்? ஜீனோம் இந்தியா என்ற சர்க்கார் திட்டம் 2020-இல் தொடங்கி, 10,000 இந்தியரின் முழு ஜீன் வரிசையைப் படித்து முடித்தது. 2025 ஜனவரியில் அது ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நல்ல காரியம். ஐரோப்பியரின் இரத்தத்தை மட்டுமே வைத்து எழுதிய மருத்துவம் நமக்குப் போதாது. ஆனால் ஜீனைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் இங்கே இல்லை. கதவுக்குப் பூட்டு போடாமலே களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டுகிறார்கள்!

நாம் அறிவைத் தடுக்கச் சொல்லவில்லை. தன் உடலில் சங்கு ஊதாது என்று ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் நல்லதே. காய்ச்சல் கண்ட முதல் நாளே டாக்டரிடம் ஓடலாம்; தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளலாம். மூன்றாம் குரோமோசோம் துணுக்கு உள்ளவர்களுக்கும் தடுப்பூசி பலன் தரும் என்றே ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் எதிர்பார்த்தார்கள். அந்த அறிவு நோயாளியின் கையில் இருந்தால் கேடயம். முதலாளியின் கையில் இருந்தால் கத்தி. அது ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். ஆலை வாசலில் வந்து நிற்கக் கூடாது.

எல்லா இரத்தத்துக்கும் பலன் தந்தவை எவை?

கொரோனாக் காலத்தில் உயிர்களைக் காத்தது எது என்று எண்ணிப் பாருங்கள்.

டெக்ஸாமெதசோன் என்ற பழைய மருந்து. விலை அற்பம். 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது: செயற்கை மூச்சுக் கருவியில் இருந்தவர்களிடையே மூன்றில் ஒரு பங்கு மரணத்தையும், ஆக்சிஜன் பெற்றவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு மரணத்தையும் அது குறைத்தது. அந்த ஊசியைப் போடுவதற்கு முன் யாரும் நோயாளியின் ஜீனைக் கேட்கவில்லை.

ஆக்சிஜன். அதுவும் ஜீன் பார்ப்பதில்லை. சிலிண்டரில் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் சிலிண்டருக்காக ஜனங்கள் தெருத்தெருவாக அலைந்ததை நாடே கண்டது. ஆனால் 2021 ஜூலை 20 அன்று மத்திய சர்க்கார் மாநிலங்களவையில் என்ன பதில் சொன்னது? ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்றது. செத்தவர்கள் கணக்கிலும் இல்லை!

தடுப்பூசி. 2021 மே 1 முதல் 18 முதல் 44 வயது வரையிலானவர்களின் தடுப்பூசிச் செலவை மாநிலங்களின் தலையிலும் தனியார் சந்தையின் தலையிலும் ஏற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, சுப்ரீம் கோர்ட்டும் கேள்வி கேட்டது. ஜூன் 21 முதல் இலவசமாகக் கொடுக்கும் பொறுப்பை மத்திய சர்க்கார் ஏற்றது.

சோறு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதா மாதம் அரிசியும் பருப்பும் கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமும் அதில் பங்குகொண்டது. 2023-இல் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவிகிதம் குறைந்தது! காசநோய் வைரஸ் நோயல்ல. ஆனால் அடிபடுவது அதே நுரையீரல்தான். அரிசியும் பருப்பும் எந்த ஜீனையும் மாற்றவில்லை. நோயை மாற்றின.

விருத்தாசலத்துப் பீங்கானுக்கு வருவோம்

வெள்ளைக் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார். இவற்றை அரைத்துக் குழைத்துத்தான் கோப்பையும் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் கழிப்பறைக் கோப்பையும் பிறக்கின்றன. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அரவை இயந்திரத்தில் கொட்டும்போதும், காய்ந்த பாத்திரத்தின் பிசிறைச் சுரண்டும்போதும், தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும் அது பறக்கிறது. கண்ணில் படும் தூசி அல்ல கொல்வது; தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத, கண்ணுக்கே தெரியாத தூசி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாக்குகிறது. அதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். வந்தால் ஆறாது. சிலிக்கோசிஸ் வந்தவரைக் காசநோய் எளிதில் பற்றும். சிலிக்காத் தூசி புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-இலேயே அறிவித்திருக்கிறது. ஏற்கெனவே தழும்பேறிய நுரையீரலுக்குள் வைரஸ் காய்ச்சலும் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா?

தூசி இல்லாத இடத்தில் எந்த ஜீனும் சிலிக்கோசிஸைக் கொண்டுவந்ததில்லை. இதை ஒவ்வொரு தொழிலாளியும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன செய்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை, கண்டவுடன் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றது. 2025 நவம்பர் 21 அன்று அமலாக்கப்பட்ட புதிய தொகுப்புச் சட்டமோ இந்த எண்ணிக்கையை 20, 40 என்று இரட்டிப்பாக்கிவிட்டது. ஜீன் அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது என்று கவலைப்படுகிறவர்கள், சட்டம் அபாயத்தை இரட்டிப்பாக்குவதைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைந்த தொழிலில் இந்த எண் விளையாட்டு யாரை வெளியே தள்ளும் என்று சொல்லத் தேவையில்லை.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தவருக்கு நோய்க் காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவிகிதம் உண்டு. ஆனால் ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பேரேட்டில் பெயரே இல்லாத தொழிலாளிக்கு எந்த 78 நாள்? முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் பெண்ணுக்கு, நடவு நடும் பெண்ணுக்கு, கரும்பு வெட்டும் ஆளுக்கு ஈ.எஸ்.ஐ.யே கிடையாது. காய்ச்சலில் படுத்தால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால்தான் அவர்கள் மூன்றாம் நாளே எழுந்து போகிறார்கள். காய்ச்சலோடு எழுந்து போகச் சொன்னது ஜீனா, பசியா?

நாம் கேட்பது

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று: ஒவ்வொரு பீங்கான் பட்டறையிலும் தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். ஈரமாக்கித் துடைக்க வேண்டும். உறிஞ்சும் விசிறி பொருத்த வேண்டும். சின்னப் பட்டறைகளுக்குச் சர்க்கார் கடனும் மானியமும் தர வேண்டும்.

இரண்டு: முதலாளியின் செலவில் ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் நடக்க வேண்டும். அதன் முடிவு தொழிலாளியின் கையில் தரப்பட வேண்டும்.

மூன்று: எத்தனை பேர் வேலை செய்தாலும் ஈ.எஸ்.ஐ. வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் நோய்க்காலக் கூலி வேண்டும்.

நான்கு: வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ நஷ்டஈட்டை மறுக்கவோ ஜீன் பரிசோதனையைக் காட்டக் கூடாது என்று சட்டம் வேண்டும்.

ஐந்து: விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் எந்த நேரமும் ஆக்சிஜனும் நுரையீரல் டாக்டரும் இருக்க வேண்டும். அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இந்த ஐந்தில் எதற்கும் யாருடைய இரத்தத்தையும் சோதிக்க வேண்டிய அவசியமில்லை. பலவீன ஜீன் உள்ளவனையும் இவை காக்கும். பலசாலி ஜீன் உள்ளவனையும் காக்கும். சொல்லப்போனால், பிறவியிலேயே பலவீனமாகப் பிறந்தவனுக்குத்தான் இவை அதிகம் தேவை. பலவீனனைக் கண்டுபிடித்து விரட்டுவது ஒரு சமுதாயம்; பலவீனனும் பிழைக்கும்படி காற்றையும் கூலியையும் திருத்துவது இன்னொரு சமுதாயம். நாம் கேட்பது இரண்டாவது.

பாட்டன் கொடுத்த ஜீனை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அதை மாற்றவும் நம்மால் ஆகாது. பட்டறையில் பறக்கும் தூசி யாருடைய லாபத்துக்காகப் பறக்கிறதோ, அவர்களைக் கேள்வி கேட்க நம்மால் ஆகும். அந்தத் தூசியை அடக்கவும் நம்மால் ஆகும். ஒருவர் இருமினால் அது அவர் உடல்வாகு என்பார்கள். பட்டறை முழுவதும் ஒன்றாக எழுந்து நின்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

எழுந்து நின்று கேட்போம், தோழர்களே!